இரண்டு பிரேம்களுக்கு நடுவே

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது ஓர் இளைஞர் என்னிடம், “ஸார், சினிமா, டி.வி., கிரிக்கெட், சாமி. இந்த நாலையும் விட்டால் நம்மவர்களுக்குப் பேச வேறு விஷயமே கிடையாதா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை எந்த எல்லையோரத் தமிழ்க் குடும்பத்தில் போய் உட்கார்ந்தாலும் பேச்சு இந்த நாலில்தான் சுற்றும். ஆனால் இந்த நாலுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வகையில் அதை விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் சினிமா. சிறு வயதில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு டூரிங் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து ‘பூம்புகார்’ பார்த்தேன். 1964-இல் வெளிவந்த படம், சில ஆண்டுகள் கழித்து எங்கள் பக்கம் வந்தது. கண்ணகியாக விஜயகுமாரி பாண்டியன் சபையில் சிலம்பை உடைத்தபோது பெண்கள் பகுதியில் ஒரே அழுகை. நானும் அழுதேன். பிறகு டிப்ளமா படிக்கும்போதுதான் அன்று நான் பார்த்தது என்ன என்பது புரிந்தது. பிலிமில் எதுவும் அசைவதில்லை. விநாடிக்கு 24 நிழற்படங்கள். அவற்றைத்தான் பிரேம் என்கிறோம். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 பிரேம்கள். ஒன்று நகர்ந்து அடுத்தது வரும் இடைவெளியில் புரொஜக்டரின் மூடி ஒளியை மறைத்துவிடும். படம் முழுவதையும் கணக்கிட்டால் ஏறக்குறைய பாதி நேரம் திரை இருட்டாகவே இருக்கிறது! அந்த இருட்டு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே இல்லாத அசைவை மூளையே போட்டு நிரப்பிக்கொள்கிறது. கொட்டகையில் நாம் பார்த்ததில் ஒரு பகுதி திரையில் இருந்தது. மீதியை நாமே செய்துகொண்டோம்.

டி.வி.யும் இதே சங்கதிதான். பழைய டி.வி. முறையில் நம் நாட்டில் ஒரு பிரேமுக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 பிரேம்கள். ஒரு பிரேமை இரண்டு பாதிகளாக, ஒரு வரி விட்டு ஒரு வரியாக அனுப்புவார்கள். 1987 ஜனவரி 25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ‘ராமாயணம்’ தொடர் தொடங்கியபோது எங்கள் குவார்ட்டர்ஸில் டி.வி. இருந்த ஒரே வீட்டில் அத்தனை பேரும் கூடினோம். அந்த வீட்டுப் பாட்டி குளித்து, டி.வி. பெட்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் சுவிட்சைப் போடச் சொல்வார். நாடெங்கும் பல வீடுகளில் அப்படித்தான் நடந்தது. நான் இளரத்தம்; “பாட்டி, அது வெறும் கோடு” என்றேன். “கோடு உனக்கு. ராமர் எனக்கு” என்றார் அவர். அன்று சிரித்தேன். இன்று சிரிக்க மாட்டேன். நானும் கோடுகளைப் பார்க்கவில்லையே, ராமரைத்தானே பார்த்தேன்!

இனி கிரிக்கெட். 1992 நவம்பர் 14 அன்று டர்பனில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில், டி.வி. பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மூன்றாவது நடுவரால் ஆட்டமிழந்த முதல் ஆட்டக்காரர் ஆனார் நம் சச்சின் டெண்டுல்கர். ரன் அவுட். களத்து நடுவர் சிரில் மிச்லி கேட்டார், உள்ளே உட்கார்ந்து படம் பார்த்த கார்ல் லீபன்பெர்க் சொன்னார். பத்திரிகையில் படித்தவுடன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 25 பிரேம் என்றால் இரண்டு பிரேம்களுக்கு நடுவே விநாடியில் 25-இல் ஒரு பங்கு. விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் அந்த நேரத்தில் 28 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஓர் அடி, போய்விடுவார். பிரேமைப் பாதி பாதியாகப் பிரித்துப் பார்த்தாலும் அரை அடி. பெயில்ஸ் விழுந்ததும் பேட் கோட்டைத் தாண்டியதும் அந்த அரை அடிக்குள் நடந்திருந்தால் கேமராவும் சாட்சி சொல்ல முடியாது. இன்றைய வேகக் கேமராக்கள் இந்த இடைவெளியை மிகவும் குறைத்துவிட்டன. அறவே இல்லாமல் செய்துவிடவில்லை.

அதனால்தான் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு விதி வேண்டியிருக்கிறது. கிரிக்கெட்டில் சந்தேகத்தின் பலன் ஆட்டக்காரருக்கு என்பது பழைய மரபு. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் பார்க்கும் பேஸ்பாலில் வேறு வழி. அங்கே 2008-இல் ஹோம் ரன்னுக்கு மட்டும் படம் போட்டுப் பார்க்கத் தொடங்கி, 2014-இல் மற்றத் தீர்ப்புகளுக்கும் விரிவாக்கினார்கள். படத்தில் தெளிவான ஆதாரம் கிடைக்காவிட்டால் களத்து நடுவர் முதலில் சொன்னதே நிற்கும். ரயில்வே சிக்னலில் இன்னொரு விதி: சந்தேகம் வந்தால் சிவப்பு. கம்பி அறுந்தாலும், மின்சாரம் போனாலும், ரிலே கெட்டாலும் சிக்னல் ‘நில்’ என்று காட்டும்படிதான் அமைத்திருப்பார்கள். நள்ளிரவில் வாளையாறு காட்டு வழியே வரும் டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. பச்சை விளக்கை நம்பித்தான் ஓட்டுகிறார். அவருடைய நம்பிக்கை மூட நம்பிக்கை அன்று. சோதித்துச் சோதித்து அமைத்த நம்பிக்கை.

இவ்வளவு தெரிந்த நான் ஒரு முறை தவறினேன். ஊரும் ஆண்டும் வேண்டாம். ஒரு ரயில்வே கேட்டில், ரயில் வருவதை அறிவிக்கும் எச்சரிக்கை மணி உண்டு. ஒரு மழை நாளில் கேட் மூடாத நிலையில் வண்டி வந்துவிட்டது. நல்லவேளையாக யாருக்கும் ஆபத்தில்லை. “மணி அடிக்கவில்லை” என்றார் கேட் கீப்பர். மறுநாள் நான் போய்ச் சோதித்தேன். நல்ல வெயில். மணி கணீரென்று அடித்தது. ‘மணியில் பழுதில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு இன்க்ரிமெண்ட் வெட்டப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. என் கண் முன்னாலேயே வண்டி வந்தது. மணி ஊமையாக இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு இணைப்பில் தண்ணீர் இறங்கியிருந்தது. உடனே மறு அறிக்கை எழுதினேன், வெட்டிய பணம் திரும்பக் கிடைத்தது. அவரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன். “பரவாயில்லை ஸார். அன்னிக்கே ஒரு குடம் தண்ணி ஊத்திப் பாத்திருக்கலாம்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு பிரேம். அதற்கு முன்னால் இருந்த இருட்டை அவருடைய குற்றத்தால் நான் நிரப்பிவிட்டேன்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்ததும் இதுதான். பொற்கொல்லன் சொன்னான், சிலம்பு கோவலன் கையில் இருந்தது. மன்னனுக்கு அது போதுமானதாக இருந்தது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். முன்பே உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. உயிர் போன பிறகு உடைத்தார்கள்.

நான் ஓய்வு பெற்ற பின், வண்டிப்பெரியாறு எஸ்டேட் பக்கம் இருக்கும் என் மனைவியின் உறவினர்களோடு ஒரு சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போனேன். இடுக்கி – தேனி எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகக் காட்டுக்குள், மலை உச்சியில் இருக்கிறது. ஆண்டில் அந்த ஒரு நாள்தான் பக்தர்களுக்கு அனுமதி. இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப், தமிழகப் பக்கம் பளியங்குடியிலிருந்து நடை. மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோயில் இதுவே என்பார் பலர். கொடுங்கல்லூரைச் சொல்வாரும் உண்டு.

மேலே போய்ப் பார்த்தால் சிதைந்த கற்சுவர்கள்தான். அந்தக் கற்களுக்கு முன்னால் கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்காக வரிசையில் நின்ற பெண்களின் முகத்தைப் பார்த்தேன். டூரிங் கொட்டகையில் பார்த்த அதே முகங்கள். கற்களுக்கு நடுவே இல்லாததை அவர்கள் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எதைக் கொண்டு நிரப்பினார்கள்? நியாயம் கேட்ட ஒருத்தி வீண் போகவில்லை என்ற எண்ணத்தைக் கொண்டு. நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அந்த கேட் கீப்பரை நினைத்துக்கொண்டேன்.

ஆகவே அந்த இளைஞருக்கு என் பதில் இது. தம்பி, கண்ணுக்குத் தெரியும் பிரேம்கள் என்றைக்கும் கொஞ்சம்தான். நடுவில் இருக்கும் இருட்டை எல்லோரும் எதையாவது கொண்டு நிரப்பித்தான் ஆக வேண்டும். சினிமாவை மனம்போல் நிரப்பிக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை. சாமி விஷயத்தில் அது அவரவர் பாடு. பாட்டியோடு வாதாட வேண்டாம். ஆனால் அடுத்த மனிதனின் குற்றத்தைக் கொண்டு மட்டும் நிரப்பிவிடக் கூடாது. அங்கே முதலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் தெளியாவிட்டால், சந்தேகத்தின் பலன் ஆட்டக்காரருக்கே.