கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு நாள்: கையைக் கடிக்காத வெனிஸ்

மத்தியதரைக்கடல் பக்கம் ஒரு க்ரூஸ் புக் பண்ணிட்டு, கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் வெனிஸையும் பாத்துடலாம்னு நினைக்கிறவங்களுக்காகத்தான் இந்த எபிசோடு.

க்ரூஸ் டிக்கெட்ல ரூம், சாப்பாடு எல்லாம் அடங்கிடும். அதனால மொத்தச் செலவு இவ்வளவுதான்னு மனசு ஒரு கணக்கு போட்டுடும். அந்தக் கணக்கைப் பெரும்பாலும் உடைக்கிறது கப்பலுக்கு முன்னாடி வர்ற இந்த ரெண்டு நாள்தான். வெனிஸ் காஸ்ட்லியான ஊர், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அங்க ஆகுற செலவுல பெரும்பகுதியை மூணு விஷயம் முடிவு பண்ணுது: கப்பல் எங்க நிக்குது, நீங்க எங்க தூங்குறீங்க, எந்த நேரத்துல ஊரைச் சுத்துறீங்க. இந்த மூணையும் வரிசையா பாக்கலாம்.

முதல் கேள்வி: கப்பல் நிஜமாவே வெனிஸ்லதான் இருக்கா?

வெனிஸ் போட்டோக்கள்ல அரண்மனைகளுக்குப் பின்னாடி பத்து மாடி உயரத்துக்கு ஒரு கப்பல் நகர்ந்து போறத பாத்திருப்பீங்க. அது பழைய கதை. 2019 ஜூன் 2ஆம் தேதி, ஜூதெக்கா கால்வாய்ல ஒரு பெரிய க்ரூஸ் கப்பல் கட்டுப்பாடு இழந்து, கரையில நின்ன ஒரு சுற்றுலாப் படகு மேலயும் துறை மேலயும் மோதுச்சு. கப்பல்கள் ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு அதுக்குப் பல வருஷம் முன்னாடியே உள்ளூர் மக்கள் போராடிட்டு இருந்தாங்க. கடைசியா இத்தாலி அரசு, 2021 ஆகஸ்ட் 1லிருந்து பெரிய கப்பல்கள் அந்தக் கால்வாய்க்குள்ள வரத் தடை போட்டுச்சு. 25,000 டன்னுக்கு மேல உள்ளது, 180 மீட்டருக்கு மேல நீளமானது எல்லாம் இந்தத் தடைக்குள்ள வரும். இன்னைக்கு ஓடுற வழக்கமான பெரிய க்ரூஸ் கப்பல் எல்லாமே இதைவிடப் பெருசு.

அப்போ அந்தக் கப்பல்கள் எங்க போச்சு? சிலது மார்கேராவுக்கு. அது வெனிஸுக்கு எதிர்ல, நிலப்பகுதியில இருக்கிற தொழிற்சாலைத் துறைமுகம். சிலது ரவென்னாவுக்கு. அது ரோடு வழியா சுமார் 150 கிலோமீட்டர் தெற்க. சிலது ட்ரியெஸ்தேவுக்கு. அது ரயில்ல ரெண்டு மணி நேரம் கிழக்க. விளம்பரத்துல எல்லாத்துக்கும் 'வெனிஸ்'னுதான் பெருசா போடுவாங்க. உண்மையான ஊர் பேரு பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள சின்னதா இருக்கும்.

அதனால ஹோட்டல் தேடுறதுக்கு முன்னாடி புக்கிங் பேப்பர்ல துறைமுகத்தோட பேரையும் முகவரியையும் பாருங்க. நம்ம கோடிங் பாஷையில சொன்னா இதுதான் முதல் டிபெண்டன்சி. மார்கேரான்னா, கப்பல் ஏறுற நாள் காலைல வெனிஸ் பக்கத்துல இருந்தே நிதானமா கிளம்பலாம். ட்ரியெஸ்தேன்னா, கப்பல் துறை ஊர் நடுவுலயே, ரயில் நிலையத்துல இருந்து நடக்குற தூரத்துல இருக்கு. ரவென்னாதான் கொஞ்சம் சிக்கல். ரயில்னா பொலோனாவிலயோ ஃபெராராவிலயோ மாறணும். துறைமுகம் இருக்கிற போர்த்தோ கோர்சினி, ஊரை விட்டுத் தள்ளி கடற்கரையில இருக்கு. ரவென்னாவுல கப்பல் ஏறுறவங்க, கடைசி ராத்திரிய அங்கயே வச்சுக்கிறது நல்லது. ரூம் வெனிஸைவிட மலிவு. யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கிற பழைய மொசைக் தேவாலயங்களும் தாந்தேவோட கல்லறையும் அந்த ஊர்லதான் இருக்கு.

விசாவுல கவனிக்க வேண்டிய ஒண்ணு

இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க, கப்பல் எந்தெந்த ஊர்ல நிக்குதுன்னு பாத்த பிறகுதான் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கணும். இத்தாலி, குரோஷியா, கிரீஸ் மூணுமே ஷெங்கன்தான். குரோஷியா 2023 ஜனவரி 1ல சேந்துச்சு. ஆனா வழியில மாண்டிநீக்ரோவோ, அல்பேனியாவோ, துருக்கியோ வந்தா, நீங்க ஷெங்கனை விட்டு வெளிய போய்த் திரும்பவும் உள்ள வர்றீங்க. ஒரே முறை நுழையிற விசா அதுக்குப் பத்தாது, மல்ட்டிபிள் என்ட்ரி கேட்டு வாங்கணும். அந்த நாடுகளோட சொந்த விசா விதியையும் தனியா பாக்கணும். வெனிஸ்ல தங்குற ரெண்டு நாளும் விசா நாள் கணக்குலயும் இன்ஷூரன்ஸ்லயும் அடங்குதான்னு சரிபாருங்க.

இவ்வளவு விலைக்குக் காரணம் என்ன?

வெனிஸ்க்குள்ள லாரி போகாது. அரிசி மூட்டையோ, வாஷிங் மெஷினோ, ஹோட்டலுக்குத் துவைச்ச படுக்கை விரிப்போ, எல்லாம் படகுல வந்து இறங்கி, அங்கிருந்து தள்ளுவண்டியில பாலம் ஏறி இறங்கித்தான் கடைக்குப் போகணும். குப்பை வெளிய போறதும் அப்படியேதான். நானூறுக்கும் மேல பாலங்கள் இருக்கிற ஊர்ல, ஒவ்வொரு பொருளோட விலையிலயும் இந்தக் கூலி ஒட்டிக்கிட்டு இருக்கு.

இன்னொரு காரணம், ஊர்ல ஆளே குறைஞ்சுட்டே போறாங்க. 1950களோட தொடக்கத்துல பழைய நகரத்துல சுமார் 1,75,000 பேர் இருந்தாங்க. 2022ல அது 50,000க்குக் கீழ போயிடுச்சு. ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்துல ஒரு மருந்துக்கடை ஜன்னல்ல, மிச்சம் எத்தனை பேர் இருக்காங்கன்னு ஒரு டிஜிட்டல் போர்டு காட்டுது. வீடுகள் சுற்றுலா ரூம்களா மாற மாற வாடகை ஏறுது, அங்க வேலை பாக்குறவங்க பல பேரு நிலப்பகுதிக்குக் குடி போறாங்க. மளிகைக்கடை இருந்த இடத்துல முகமூடி விக்கிற கடை வந்துடுது. உள்ளூர்க்காரங்களுக்கான கடை எங்க மிச்சம் இருக்கோ, அங்கதான் உங்களுக்கும் நியாயமான விலை கிடைக்கும். இதை மனசுல வச்சுக்கோங்க, சாப்பாட்டுப் பகுதியில திரும்ப வருவோம்.

எங்க தூங்குறது?

பட்ஜெட்காரங்களுக்கு முதல் பதில் மெஸ்த்ரே. பாலத்துக்கு இந்தப் பக்கம், நிலப்பகுதியில இருக்கிற சாதாரண ஊர். அங்க இருந்து வெனிஸ் சான்டா லூசியா நிலையத்துக்கு ரயில்ல பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான், டிக்கெட் ஒன்றரை யூரோ அளவுல இருக்கும். பஸ், டிராமும் உண்டு. விமான நிலையமும் நிலப்பகுதியிலதான் இருக்கு. அங்க இருந்து மெஸ்த்ரேவுக்கு நேரா பஸ் வருது, 10 யூரோ. விமான நிலையத்துல இருந்து வெனிஸுக்குத் தண்ணி டாக்ஸி எடுத்தா 100 யூரோவுக்கு மேல போகும்.

மெஸ்த்ரேவுல இன்னொரு லாபமும் இருக்கு. 2024 ஏப்ரல் 25லிருந்து, சில குறிப்பிட்ட நாட்கள்ல, பகல்ல மட்டும் வந்துட்டுப் போறவங்ககிட்ட வெனிஸ் நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்குது. 2025ல 54 நாட்களுக்கு இது இருந்துச்சு. காலை 8.30லிருந்து மாலை 4 வரைக்கும். முன்கூட்டியே பணம் கட்டினா 5 யூரோ, கடைசி நேரத்துல கட்டினா 10. நகராட்சி எல்லைக்குள்ள ராத்திரி தங்குறவங்களுக்கு இது கிடையாது, ஹோட்டல்ல சுற்றுலா வரி மட்டும் கட்டினா போதும். மெஸ்த்ரே வெனிஸ் நகராட்சிக்குள்ளயே வருது. பதுவாவுலயோ த்ரெவீசோவுலயோ தங்கினீங்கன்னா அந்த விலக்கு கிடைக்காது. விலக்கு தானா வராதுங்கிறதையும் கவனிங்க. நகராட்சி இணையதளத்துல பதிவு பண்ணி, கியூஆர் கோடு வாங்கி போன்ல வச்சுக்கணும்.

பணம் கொஞ்சம் இடம் குடுத்தா, ஒரே ஒரு ராத்திரி மட்டும் தீவுக்குள்ள தங்குங்க. கன்னரேஜோ மாதிரி, சான் மார்க்கோ சதுக்கத்தை விட்டுத் தள்ளி இருக்கிற பகுதியா பாருங்க. சாயங்காலம் பகல் கூட்டம் கிளம்பின பிறகும், காலைல அவங்க வர்றதுக்கு முன்னாடியும் சந்துகள்ல நடக்க இடம் இருக்கும், கால்வாய்த் தண்ணி சத்தம் காதுல விழும். பெட்டி விஷயத்துல மட்டும் உஷாரு. பாலம்னா படிக்கட்டு, சக்கரம் உதவாது. க்ரூஸுக்குக் கொண்டுவந்த பெரிய பெட்டிகளை நிலையத்துல இருக்கிற லக்கேஜ் கவுண்டர்ல விட்டுட்டு, ஒரு ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் முதுகுப்பையில எடுத்துட்டுப் போங்க.

போட் பாஸ் கணக்கு

வெனிஸோட டவுன் பஸ் பேரு வாபொரேத்தோ. 2025 கட்டணப்படி 75 நிமிஷ டிக்கெட் 9.50 யூரோ. 24 மணி நேரப் பாஸ் 25, 72 மணி நேரப் பாஸ் 45. மூணு தடவை தனித்தனியா ஏறினா 28.50 ஆயிடும், அதனால மூணு சவாரின்னாலே பாஸ்தான் லாபம். உங்க வயசு 6லிருந்து 29க்குள்ள இருந்தா ரோலிங் வெனிஸ்னு ஒரு கார்டு இருக்கு. கார்டு 6 யூரோ, 72 மணி நேரப் பாஸ் 27, ஆக மொத்தம் 33.

பாஸ் காலண்டர் நாளைப் பாக்குறதில்ல, நீங்க முதல் தடவை மெஷின்ல தேய்ச்ச நிமிஷத்துல இருந்துதான் எண்ண ஆரம்பிக்குது. அதனால 24 மணி நேரப் பாஸை முதல் நாள் சாயங்காலம் 4 மணிக்குத் தொடங்குங்க. பியாத்சாலே ரோமாவுல இருந்து 1ஆம் எண் படகுல ஏறினா, பெரிய கால்வாய் முழுக்க, கிட்டத்தட்ட எல்லா நிறுத்தத்துலயும் நின்னு போகும். முக்கால் மணி நேரத்துக்கு, ரெண்டு பக்கமும் அரண்மனைகள். அடுத்த நாள் காலைல ஃபொந்தமெந்தே நோவேல இருந்து 12ஆம் எண் படகுல, வண்ண வண்ண வீடுகள் இருக்கிற புரானோ தீவுக்குப் போயிட்டு வாங்க. 4 மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். ஒரே பாஸ்ல ரெண்டு நாள் வேலை முடிஞ்சுது. அதே பாஸ் மெஸ்த்ரே பஸ், டிராம்லயும் செல்லும், விமான நிலையப் பஸ்ல மட்டும் செல்லாது.

கொண்டோலா பத்தியும் சொல்லிடறேன். அதிகாரபூர்வ விலை, பகல்ல அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, ராத்திரி 7 மணிக்கு மேல 110. அது ஒரு படகுக்கான விலை, தலைக்கு இல்ல. அஞ்சு பேர் வரைக்கும் உக்காரலாம், அதனால அஞ்சு பேர் சேந்தா ஆளுக்கு 18தான். தனியா போறவங்களுக்கு ட்ராகெத்தோ இருக்கு. பெரிய கால்வாய்ல மொத்தமே நாலு பாலம்தான். நடுவுல கரை மாறணும்னா, கொண்டோலா மாதிரியே ஒரு படகுல 2 யூரோவுக்குக் கொண்டு போய் விடுவாங்க. ரெண்டு நிமிஷச் சவாரி, ஆனா துடுப்புப் படகுல பெரிய கால்வாயைக் கடந்த கணக்குல சேந்துடும்.

சாப்பாடு

பாக்கரோன்னு சின்னச் சின்ன ஒயின் கடைகள் இருக்கும். நம்ம ஊர் டீக்கடை மாதிரி, நின்னுக்கிட்டே சாப்பிட்டுப் பேசிட்டுப் போற இடம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள சிக்கெத்தின்னு குட்டித் தட்டுகள் வச்சிருப்பாங்க. ரொட்டி மேல கருவாட்டு மீன் மசியல், வெங்காயத்தோட ஊறின மத்தி மீன் இப்படி. சைவக்காரங்களுக்கு கூனைப்பூ, சீஸ், கத்திரிக்காய் கிடைக்கும். ஒண்ணு 2, 3 யூரோ அளவுல இருக்கும், நாலஞ்சு எடுத்தா ஒரு வேளை சாப்பாடு ஆச்சு.

உக்காந்து சாப்பிடுற இடத்துல ரெண்டு விஷயம் பாருங்க. கோபெர்த்தோன்னு தலைக்கு ஒரு மேஜைக் கட்டணம் பில்லுல வரும், அது மெனுவுல எழுதியிருக்கணும். மீனுக்குப் பக்கத்துல 'ஏத்தோ'ன்னு போட்டிருந்தா அந்த விலை 100 கிராமுக்கு. முழு மீனும் 600 கிராம் இருந்தா விலை ஆறு மடங்கு. காபிய கவுண்டர்லயே நின்னு குடிங்க. சான் மார்க்கோ சதுக்கத்துல வெளிய மேஜையில உக்காந்தா, அங்க வாசிக்கிற இசைக்குக்கூடத் தனியா காசு வாங்குவாங்க. தெருக் குழாய்கள்ல நல்ல குடிதண்ணி சும்மாவே வருது, பாட்டில் கொண்டு போங்க. சதுக்கத்துல தரையிலயோ படியிலயோ உக்காந்து பொட்டலத்தைப் பிரிச்சுடாதீங்க, அபராதம் உண்டு.

மொத்தமா கூட்டினா, விமான நிலையப் பஸ் 10, பாஸ் 25, சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 30ன்னு ரெண்டு நாளைக்கு 60. ரூம் தவிர ஒருத்தருக்கு 95 யூரோ.

கப்பல் ஏறுற நாள்

நீங்களா டிக்கெட் எடுத்து வரும்போது தாமதமானா, கப்பல் உங்களுக்காக நிக்காது. இத்தாலியில ரயில் ஸ்ட்ரைக் அடிக்கடி நடக்கும், ஆனா முன்கூட்டியே அறிவிச்சுடுவாங்க. 'ஷோபெரோ'ங்கிற வார்த்தையத் தேதியோட சேத்துத் தேடிப் பாருங்க. வேலை நாள்ல ஸ்ட்ரைக் இருந்தாலும் காலை 6லிருந்து 9, மாலை 6லிருந்து 9 வரைக்கும் குறைஞ்சபட்ச ரயில்களை ஓட்டியாகணும். காகித டிக்கெட் எடுத்தா, ரயில் ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்துல இருக்கிற மெஷின்ல முத்திரை குத்திடுங்க.

பகல்ல வந்து, போட்டோ எடுத்து, சாயங்காலமே கிளம்புற கூட்டம்தான் அந்த ஊருக்குப் பாரம். ஒரு ராத்திரி தங்கி, பாக்கரோவுல சாப்பிட்டு, பொதுப்படகுல சுத்தினா உங்க பணம் அங்கயே வாழுறவங்க கைக்குக் கொஞ்சமாவது போகும், உங்களுக்கும் செலவு குறையும். இப்போதைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்க: க்ரூஸ் புக்கிங்கைத் திறந்து, துறைமுகத்தோட பேரைப் படிங்க. மத்த திட்டம் எல்லாம் அதுக்கு அப்புறம்.