குரல்நாண் அசைவின்மையும் வளியோட்டக் கணிப்பும்

மனிதனுக்கு மூச்சுச் செல்லும் வாயிலும் குரல் பிறக்கும் வாயிலும் ஒன்றே. உந்தியில் எழுந்த வளி மிடற்றிற் பொருந்தி எழுத்தொலியாதல் தொல்காப்பியப் பிறப்பியலைப் பயின்றோர்க்குப் புதிதன்று. அம்மிடற்றினுள்ளே குரல்வளையின் இருபுறத்தும் முன்பின்னாகக் கிடக்கும் இரு மடிப்புகளே குரல்நாண்கள். மூச்சை உள்ளிழுக்கையில் அவை விலகுகின்றன. பேசுகையில் நெருங்கி அதிர்கின்றன. விழுங்குகையில் இறுக மூடி, உணவு வாதனாளியுட் புகாது காக்கின்றன.

இவற்றை இயக்கும் மீள்குரல்வளை நரம்புகள் செல்லும் வழி விந்தையானது. கழுத்தினூடு கீழிறங்கி, இடப்புறத்தது நெஞ்சினுள்ளே பெருநாடியின் வில்லையும், வலப்புறத்தது காறையென்பின் கீழ்ச்செல்லும் நாடியையும் சுற்றி, மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகின்றன. கி. பி. 2ஆம் நூற்றாண்டில் உரோம் நகரில் வாழ்ந்த கலென் என்னும் மருத்துவ அறிஞர், வீரிட்டலறும் பன்றியின் இந்நரம்புகளைக் கட்டி, அதன் குரல் அடங்குவதைப் பலர் காணச் செய்துகாட்டினார். தைரொயிட்டுச் சுரப்பியை ஒட்டிச் செல்வதனால், அங்கு நிகழும் சத்திர சிகிச்சையில் இவை ஊறுபடுதலும் உண்டு. ஒரு நாண் மாத்திரம் அசைவிழப்பின் பெரும்பாலும் குரல் கம்மும். மூச்சுக்கு இடர் குறைவு. இரண்டும் நடுவினை அண்மி நின்றுவிடின் நிலை மறுதலையாகும். குரல் ஏறக்குறைய முன்போல் இருக்க, மூச்சுத் திணறும். தெளிவாகப் பேசும் ஒருவர் நாலு படி ஏறமாட்டாது இரைந்து நிற்பதைக் காண்போர், அவர்தம் நோயின் கடுமையை உணராதிருத்தலுங் கூடும்.

கழுத்திலே துளையிட்டு வாதனாளியுட் குழாய் செருகுதல் பழைய பரிகாரம். அது உயிரைக் காக்கும். ஆயின் குழாயோடு வாழ்தல் எளிதன்று. எனவே இடைவெளியையே அகலமாக்கும் முறைகள் தோன்றின. நாணைத் தையலிட்டு ஒரு பக்கமாக இழுத்துக் கட்டுதல் ஒன்று. நாணின் பின்பகுதியை இலேசர்க் கதிரினாற் குறுக்கே வெட்டுதல் பிறிதொன்று. இதனை டெனிஸ், கஷிமா என்போர் 1989இல் வெளியிட்டனர். நாணின் பின்முனை பொருந்தியிருக்கும் அரிற்றினொயிட் என்னும் சிறு கசியிழையத்தை முற்றாகவோ பகுதியாகவோ அகற்றுதல் மற்றொன்று. குரலுக்காக அதிர்வது பெரும்பாலும் முன்பகுதியாதலின், வெட்டுவன யாவும் பின்புறத்தையே நாடுகின்றன.

இவற்றுள் எது சிறந்தது? ஒருவர் தொண்டையில் ஒரு முறையையும் மற்றொருவர் தொண்டையில் வேறொரு முறையையும் செய்து ஒப்பிட்டால், வேற்றுமை முறையினால் வந்ததா, தொண்டையினால் வந்ததா என்பது துணிதற்கரிது. ஒரே தொண்டையை மூன்று விதமாக வெட்டிப் பார்த்தலோ இயலாது. இவ்விடத்தேதான் கணினி உதவுகின்றது. கதிர்ப்படங்களினின்று நோயாளியின் மூச்சுவழி முப்பரிமாண உருவாக அமைக்கப்படும். அவ்வுருவின் படிகளில் ஒவ்வொரு சத்திர சிகிச்சையும் கணினியிலேயே செய்யப்படும். பின்னர் அவ்வெளி மிக நுண்ணிய அறைகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வோர் அறையிலும் வளியின் வேகமும் அமுக்கமும் கணிக்கப்படும். இதற்கு அடிப்படையான சமன்பாடுகளை பிரான்சிய நாட்டு நேவியர் 1822இலும், அயர்லாந்திற் பிறந்த ஸ்ரோக்ஸ் 1845இலும் வகுத்தனர். அவர்கள் பெயரால் வழங்கும் சமன்பாடுகள் தொண்டைக்கும் பயன்படும் என அவர்கள் கருதியிருக்கமாட்டார்கள்.

கணிப்புக் காட்டும் உண்மையொன்றைக் கடதாசியிலேயே அறியலாம். செக்கனுக்கு 500 கன சதமமீற்றர் வளி 25 சதுர மில்லிமீற்றர் இடைவெளியாற் செல்லின், அதன் வேகம் செக்கனுக்கு 20 மீற்றர். அவ்வேகத்திற்குரிய அமுக்கம் ஏறத்தாழ 240 பஸ்கால். இடைவெளி 50 ஆயின் அது 60 ஆகும். 100 ஆயின் 15 ஆகும். இடைவெளியை முதன்முறை இரட்டித்ததனாற் கிடைத்த ஆதாயம் 180. அடுத்த முறை 45 மாத்திரமே. ஆகவே முதலிற் பெறும் சில மில்லிமீற்றர்களே மூச்சுக்குப் பேருதவி செய்வன. அதற்கு மேலும் வெட்டுதல் மூச்சுக்குச் சிறிதே தந்து, குரலிலிருந்து மிகுதியாகப் பறிக்கும். ஓட்டம் இருமடங்காயின் அமுக்கம் நான்மடங்காதல், அமர்ந்திருக்கையில் அமைதியாயிருப்பவர் படியேறும்போது திணறுதலையும் விளக்கும். கையாற் போட்ட இக்கணக்கு இடைவெளியின் உருவத்தைக் கருதாது. பரப்பு ஒன்றாயிருப்பினும் நீண்டொடுங்கிய பிளவும் பின்புறத்து அகன்ற துவாரமும் ஒரே ஓட்டத்தைத் தாரா. எங்கே சுழல் எழும், எங்கே ஓட்டம் சுவரைவிட்டுப் பிரியும் என்பவற்றைக் கணினியே காட்டவல்லது.

எனினும் இம்முறை அளப்பது மூச்சை மாத்திரமே. பெரும்பாலான கணிப்புகளிற் சுவர்கள் அசையாதன எனக் கொள்ளப்படுகின்றன. மெய்யான இழையமோ மென்மையானது. வேகமாகப் பாயும் வளி அதனை உள்நோக்கி ஈர்க்கும். வெட்டிய இடத்தில் தழும்பு வளர்ந்து, பெற்ற இடைவெளியை மீண்டும் குறைத்தலும் உண்டு. விழுங்குகையில் உணவு வழிதவறுமா என்பதை இக்கணக்குச் சொல்லாது. கசியிழையத்தை அகற்றும் முறையில் அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. குரலால் வாழும் ஆசிரியரும் மூட்டை சுமந்து வாழ்பவரும் ஒரே அளவு இடைவெளியை வேண்டுவர் எனவும் கொள்ளலாகாது. இதனாற்போலும், சத்திர வைத்தியர் பலர் முதலில் ஒரு பக்கத்தை மட்டும் சிறிதளவு வெட்டி, புண் ஆறிய பின் மூச்சை அளந்து, போதாதெனக் கண்டாலே மேலும் வெட்ட முற்படுகின்றனர்.