கேள்வி கேட்டால் கோபம் ஏன்?



எனக்கு வயது 37. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கணவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஒரு பெண், ஒரு பையன். எங்கள் தெருவில் 12 பேர் சேர்ந்து மகளிர் சுய உதவிக் குழு நடத்துகிறோம். அதற்கு நான்தான் தலைவி.

போன வருஷம் எங்கள் வட்டார அளவில் எல்லாக் குழுக்களும் கூடிய கூட்டத்தில் என்னை மேடையேறிப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்ததும் எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! "கரண்டி பிடிக்கிற கைதான் கணக்கும் எழுதும்" என்று நான் சொன்னதும் ஒரே கைத்தட்டல். வீட்டுக்கு வந்த பிறகும் அது காதிலேயே இருந்தது.

பதினைந்து நாள் கழித்து, குழுக் கடன் கேட்டு பேங்குக்குப் போனோம். மேனேஜர் என்னைப் பார்த்து, "உள்கடன் எவ்வளவு நிலுவை? யார் யார் தவணை கட்டலை?" என்று கேட்டார்.

"எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்றேன்.

"எல்லாம்னா? விவரமா சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் அதையேதான் சொன்னேன். "நோட்டைச் சரிபண்ணிட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "பொம்பளைன்னா இளக்காரம்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். குழுவில் எல்லாரும் என் பக்கம்தான் பேசினார்கள். வீட்டில் மாமியார், "புள்ளைங்க சாப்பிட்டுச்சா இல்லையான்னு பார்க்க நேரமில்லை. உனக்கெதுக்கு இந்தத் தலைவி வேலை?" என்றார். அது வேறு எரிந்துகொண்டிருந்த மனசில் எண்ணெய் ஊற்றியது.

இந்தச் சமயத்தில்தான், பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். தலைப்பு, 'உலக அரசியலில் பெண்கள்'. அமெரிக்காவில் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலின் என்கிற பெண்ணின் பழைய கூட்டங்களையும் பேட்டிகளையும் செல்போனில் போட்டு, எனக்கும் புரியும்படி தமிழில் சொன்னாள். சமையலறையில் நின்றபடி பார்க்க ஆரம்பித்தவள், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இது நடந்தது 2008-ல். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம். ஒபாமா ஜெயித்ததை டி.வி.யில் பார்த்த ஞாபகம் இருக்கிறது. இந்த அம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அந்தத் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்றவர் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன். 2008 ஆகஸ்ட் 29 அன்று, அலாஸ்கா மாநில கவர்னரான சாரா பேலினைத் தன்னோடு நிற்கும் துணை அதிபர் வேட்பாளர் என்று அறிவித்தார். அந்தக் கட்சியில் இந்த இடத்துக்கு வந்த முதல் பெண் இவர்தான். அப்போது வயது 44. ஐந்து குழந்தைகளுக்குத் தாய். கடைக்குட்டிக்கு நாலு மாதம், டவுன் சிண்ட்ரோம் என்கிற பிறவிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தை. முதலில் வாசில்லா என்கிற சின்ன ஊருக்கு மேயராக இருந்து, பிறகு மாநிலத்துக்கே கவர்னரானவர்.

செப்டம்பர் 3 அன்று கட்சி மாநாட்டில் அவர் பேசியதை டி.வி.யில் மட்டும் 3 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்களாம். ஐஸ் ஹாக்கி விளையாடும் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போகும் அம்மாவுக்கும், பிட்புல் என்கிற முரட்டு நாய்க்கும் உள்ள வித்தியாசம் லிப்ஸ்டிக் மட்டும்தான் என்று ஒரு வேடிக்கை சொன்னார். அரங்கமே அதிர்ந்தது!

அதற்குப் பிறகு அவர் போன ஊரெல்லாம் கூட்டம். "சாரா, சாரா" என்று கோஷம். பெண்கள் கையில் லிப்ஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்து ஆட்டினார்கள். அவர் போட்டிருந்த மாதிரி கண்ணாடி வேண்டுமென்று கடைகளில் கேட்டு வாங்கினார்கள். குறைபாடுள்ள குழந்தைகளைப் பெற்ற தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் காத்திருந்தார்கள். அவரும் நின்று அவர்களிடம் பேசிவிட்டுப் போனார். 'நம்மைப் போல ஒருத்தி மேடையில் நிற்கிறாளே' என்கிற சந்தோஷம் அந்தப் பெண்கள் முகத்தில் தெரிந்தது. என் கண்ணும் கலங்கிவிட்டது.

ஆனால் இன்னொரு பக்கம் என்ன கேட்டார்கள் தெரியுமா? "நாலு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு இவர் எப்படிப் பதவியைப் பார்ப்பார்?" என் மாமியார் கேட்ட அதே கேள்வி! எதிர்த்து நின்ற ஒபாமாவுக்கும் 10 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். 'குழந்தைகளை யார் பார்ப்பார்கள்?' என்று அவரை இப்படித் துளைக்கவில்லை.

பேலினின் 17 வயது மூத்த மகள் கல்யாணமாகாமலே கர்ப்பமாக இருக்கிற செய்தி வெளிவந்ததும், ஊரே வாயில் போட்டு மென்றது. அப்போது ஒபாமா நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்தது. "குடும்பத்தை அரசியலுக்கு இழுக்காதீர்கள். என் அம்மா என்னைப் பெற்றபோது அவருக்கு வயது 18" என்கிற பொருளில் பதில் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர் என்றாலும் பெருந்தன்மை.

இது புதிதுமில்லை. 1984-ல் ஜனநாயகக் கட்சி சார்பில் துணை அதிபர் பதவிக்கு நின்ற ஜெரால்டின் ஃபெராரோவிடம், மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு அதிகாரி, "உங்களுக்கு புளூபெர்ரி மஃபின் செய்யத் தெரியுமா?" என்று கேட்டாராம். "எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியுமா?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்க, "இங்கே ஆண்கள் சமைப்பதில்லை" என்றாராம் அவர். நாட்டை ஆள வந்தவரிடம் பலகாரக் கேள்வி!

இதையெல்லாம் கேட்டு, "பார்த்தியா, எங்கே போனாலும் பொம்பளைக்கு இதுதான் கதி" என்று மகளிடம் சொன்னேன். "இரும்மா, இன்னும் இருக்கு" என்று பேட்டிகளைப் போட்டாள்.

அறிவிப்பு வந்து 13 நாள் கழித்துத்தான் பேலின் முதல் பெரிய டி.வி. பேட்டி கொடுத்தார். பிறகு அதே செப்டம்பர் கடைசியில் கேட்டி கூரிக் என்கிற டி.வி. செய்தியாளர் பேட்டி எடுத்தார். கேள்வி கேட்டவரும் ஒரு பெண்தான். "நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ள எந்தெந்தப் பத்திரிகை படிப்பீர்கள்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் படிப்பேன் என்கிற மாதிரி பதில். "குறிப்பாக எது?" என்று மறுபடி கேட்டார். அப்போதும், கண்முன் வந்த எல்லாமே என்கிற பதில்தான். ஒரு பத்திரிகையின் பெயர்கூடச் சொல்லவில்லை.

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. 'எல்லாம் கரெக்டா இருக்கு சார்!'

அந்தக் கேள்வி தனக்கு எரிச்சலூட்டியது என்று பேலினே பிறகு சொல்லியிருக்கிறார். ஆதரவாளர்கள் பலரும், "பத்திரிகைக்காரர்கள் வேண்டுமென்றே மடக்குகிறார்கள்" என்று கோபப்பட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். மெக்கெய்னுக்கு அப்போது 72 வயது. பேலினை அறிவித்த நாள்தான் அவர் பிறந்த நாள். அதிபருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மறு நிமிஷமே துணை அதிபர்தான் நாட்டை ஆள வேண்டும். அந்த இடத்துக்கு வருகிறவர் என்ன படிக்கிறார், உலகத்தைப் பற்றி என்ன தெரிந்து வைத்திருக்கிறார் என்று கேட்பது தப்பா? மஃபின் கேள்வியும் இந்தக் கேள்வியும் ஒன்றா? முதல் கேள்வி அவமானம். இரண்டாவது, ஓட்டுப் போடுகிறவர்களின் உரிமை.

கைத்தட்டியவர்கள் ஒரு தப்பு செய்தார்கள் என்றால், கேலி செய்தவர்கள் இன்னொரு தப்பு செய்தார்கள். 'என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரியும்' என்று பேலின் சொன்னதாக என் மகளின் பேச்சில் எழுதியிருந்தாள். டீச்சர்தான், "அவர் அப்படிச் சொன்னாரா? சரியாகப் பார்" என்றாராம். பார்த்தால், அலாஸ்காவில் ஒரு தீவிலிருந்து ரஷ்யாவைப் பார்க்க முடியும் என்றுதான் பேலின் சொல்லியிருக்கிறார். அது நிஜமும்கூட. பெரிங் ஜலசந்தியில் அமெரிக்கத் தீவு ஒன்றும் ரஷ்யத் தீவு ஒன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. வீட்டிலிருந்து தெரியும் என்றது, இரண்டு நாள் கழித்து ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் பேலின் மாதிரி வேஷம் போட்டு நடித்த டீனா ஃபே என்கிற நடிகை! இன்று வரைக்கும் அதைப் பேலின் தலையில்தான் கட்டுகிறார்கள். பக்கத்தில் ரஷ்யா இருப்பதாலேயே வெளிநாட்டு விவகாரம் தெரிந்துவிடுமா என்று கேட்டிருந்தால் அது நியாயம். சொல்லாததைச் சொன்னதாகச் சிரிப்பது நியாயமில்லை. என் மகள் அந்த வரியை அடித்துவிட்டாள்.

அக்டோபர் 2 அன்று ஜோ பைடனோடு நடந்த விவாதத்தைச் சுமார் 7 கோடி பேர் பார்த்தார்கள். திணறிவிடுவார் என்று நினைத்தவர்களுக்கு முன்னால் பேலின் தைரியமாகத்தான் பேசினார். ஆனாலும் பார்த்தவர்களிடம் எடுத்த கணிப்புகளில் பைடனே முந்தினார். அந்த மாதமே, பேலின் குடும்பத்தின் துணிமணிக்கும் அலங்காரத்துக்கும் கட்சி ஒன்றரை லட்சம் டாலர் செலவழித்தது என்று செய்தி வந்தது. கட்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் அதைக் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் ஆண் வேட்பாளர்களின் கோட்டைப் பற்றி அந்தத் தேர்தலில் இவ்வளவு பேச்சு வரவில்லை. கடைசியில் நவம்பர் 4 அன்று மெக்கெய்னும் பேலினும் தோற்றார்கள்.

ஃபெராரோ தோற்றார், பேலின் தோற்றார். 2020-ல் மூன்றாவதாக நின்ற கமலா ஹாரிஸ் ஜெயித்தார். அவருடைய தாத்தாவின் பூர்வீக ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் துளசேந்திரபுரம். அங்கே கோலம் போட்டு, பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். விவாதத்தில் மைக் பென்ஸ் குறுக்கே பேசியபோது, "நான் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று அவர் நிதானமாகச் சொன்னதைக் கேட்டு நானும் கைத்தட்டினேன். அதே கமலா 2021 ஜூனில், 'நாட்டின் எல்லைப் பகுதிக்கு ஏன் இன்னும் நேரில் போகவில்லை?' என்று பேட்டியில் கேட்டபோது, 'ஐரோப்பாவுக்கும்தான் போகவில்லை' என்று சிரித்துச் சமாளித்தார். நம் ஊர் சம்பந்தம் உள்ளவர் என்பதற்காக அதையும் சரி என்று சொல்ல முடியுமா? கேள்வி நியாயமானதுதானே!

அன்று ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு குழு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூட்டிக் கழித்துப் பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கியது. இரண்டு பேர் நாலு மாதமாகத் தவணை கட்டவில்லை. அதில் ஒருத்தி எனக்கு உயிர்த் தோழி! "அவகிட்ட எப்படிக் கேட்கிறது" என்று எழுதுகிறவளும் விட்டிருக்கிறாள், நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படியே கடன் கொடுத்திருந்தால், மற்ற பத்துப் பேர் தலையிலும் அல்லவா சுமை விழுந்திருக்கும்?

அடுத்த குழுக் கூட்டத்தில், "மேனேஜர் கேட்டது சரிதான். தப்பு என்னோடது" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒருத்தரும் கைத்தட்டவில்லை. தோழி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தார்கள். நோட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி பேங்குக்குப் போனேன். அதே மேனேஜர், அதே கேள்வி. இந்தத் தடவை நோட்டைத் திறக்காமலே பதில் சொன்னேன். கடன் கிடைத்தது.

மாமியார் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். "புள்ளைங்க சாப்பிட்டுச்சான்னு உங்க பையன்கிட்டேயும் கேளுங்க அத்தை" என்றேன். முதலில் முறைத்தார். இப்போது கூட்ட நாளில் கணவர்தான் தோசை ஊற்றுகிறார்.

சகோதரிகளே, நாளைக்கு நீங்களும் குழுத் தலைவியாகலாம், வார்டு கவுன்சிலராகலாம். உங்களிடம் கேள்விகள் வரும். பெண் என்பதற்காக மட்டும் கேட்கிற கேள்வியென்றால் ஃபெராரோ மாதிரி திருப்பிக் கேளுங்கள். பொறுப்பில் இருப்பதற்காகக் கேட்கிற கேள்வியென்றால் கோபப்படாமல் பதிலைத் தெரிந்துகொண்டு போங்கள். மேடையில் இன்னொரு பெண்ணைப் பார்த்துக் கைத்தட்டும்போதும், 'இவருக்கு விஷயம் தெரியுமா?' என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற துரோகமில்லை, மரியாதை.

என்ன, நான் சொல்வது சரிதானே?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி.