யாரை எப்படி அழைப்பது?

நம் பிள்ளைகள் மும்பையில் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் விளையாட்டுத் திடலில் இந்தியும் மராத்தியும் பேசி வளர்கிறார்கள். சிக்னலிலும் மின்சார ரயிலிலும் கைதட்டிக் காசு கேட்பவர்களைக் குறிக்க அவர்கள் முதலில் கற்றுக்கொள்வது 'சக்கா' என்ற வசவுச்சொல்லை. ஊரில் வளர்ந்த நமக்கு 'அலி' தெரியும், 'ஒன்பது' தெரியும். இவையும் இன்று வசவுகளே. அப்படியானால் எதைத்தான் சொல்வது, எந்தச் சொல் யாரைக் குறிக்கும் என்று சங்க அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். படித்தும் கேட்டும் நான் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

நான்கு வேறு செய்திகள்

வெவ்வேறான நான்கு செய்திகளை நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, பிறக்கும்போது உள்ள உடல். குரோமோசோம், ஹார்மோன், உறுப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் வேறுபாட்டுடன், ஆண் என்றோ பெண் என்றோ எளிதில் சொல்ல இயலாத உடலமைப்போடு சில குழந்தைகள் பிறக்கின்றன. இவர்களை ஊடுபால், இடைபால் என்று குறிப்பிடுகிறார்கள். இத்தகைய குழந்தைகளுக்குத் தேவையின்றி அறுவை சிகிச்சை செய்து 'சரிப்படுத்த'க் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் கூறியது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி செய்யலாகாது என்று தமிழக அரசும் அதே ஆண்டில் ஆணை பிறப்பித்தது.

இரண்டாவது, தன்னைப் பற்றி ஒருவர் உள்ளூர உணர்வது. ஆண் உடலோடு பிறந்து, தன்னைப் பெண்ணாகவே உணர்பவர் திருநங்கை. பெண் உடலோடு பிறந்து, தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. இருவருக்கும் பொதுவாகத் திருநர் என்ற சொல் வழக்கில் வந்திருக்கிறது. இந்த இரண்டிலும் அடங்காமல் தம்மை உணர்வோரும் உண்டு. அறுவை சிகிச்சை செய்துகொண்டால்தான் ஒருவர் திருநங்கை என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று அளித்த தீர்ப்பில், அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றே கூறியது.

மூன்றாவது, வெளித்தோற்றம். உடை, நடை, குரல், கூந்தல், செய்யும் தொழில் எல்லாம் இதில் சேரும். நாடக மேடையில் ஔவையாராக நடித்து 'ஔவை' சண்முகம் என்றே பெயர் பெற்றார் டி.கே. சண்முகம். மராத்தி மேடையில் பெண் வேடங்களால் புகழ்பெற்றவர் பால கந்தர்வர். புடவை கட்டியதால் இவர்கள் திருநங்கைகள் ஆகிவிடவில்லை. அதுபோல, கோலம் போட ஆசைப்படும் பையனையும் முடியை ஒட்ட வெட்டிக்கொள்ளும் பெண்ணையும் பார்த்து நாமாக ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

நான்காவது, யார்மீது ஈர்ப்பு என்பது. ஆணுக்கு ஆண்மீதோ பெண்ணுக்குப் பெண்மீதோ ஏற்படும் ஈர்ப்பைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். மனமொத்த வயதுவந்தோரிடையே இது குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. தன்பாலீர்ப்பு உள்ள ஆண் தன்னை ஆணாகவே உணர்கிறான். அவனைத் திருநங்கை என்பது பொருந்தாது.

ஹிஜ்ரா என்பது யார்?

இந்த ஊரில் நாம் அதிகம் கேட்கும் சொல் ஹிஜ்ரா. இது ஒரு சமூக அமைப்பின் பெயர். குரு, சேலா என்ற உறவுமுறையும் தனி வழக்கங்களும் அதில் உண்டு. குழந்தை பிறந்த வீட்டிலும் திருமண வீட்டிலும் ஆடிப்பாடி வாழ்த்திப் பணம் பெறும் 'பதாயி' அவர்களின் பழைய வருவாய். ஹிஜ்ராக்களில் பலர் நாம் திருநங்கை என்று சொல்லத்தக்கவர்களே. ஆனால் எல்லாத் திருநங்கைகளும் ஹிஜ்ராக்கள் அல்லர். மதுரையில் பிறந்து பரதநாட்டியத்துக்காக 2019-இல் பத்மஸ்ரீ பெற்ற நர்த்தகி நடராஜ் ஒரு திருநங்கை. சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடித் தமிழகக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டரான பிரித்திகா யாஷினியும் அப்படியே.

தமிழில் சொற்கள் வந்த வழி

நம் இலக்கணங்கள் இவர்களை மறக்கவில்லை. தொல்காப்பியம் இவர்களை உயர்திணையில் வைத்துப் பேசுகிறது. ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும் கொள்ளச் சொல்கிறது நன்னூல். அஃறிணைபோல் வழங்கவும் அதே நூல் இடம் தந்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேடி, பேடு, அலி என்பவை பழஞ்சொற்கள். பிற்காலத்தில் அவை ஏச்சாகத் தேய்ந்தன.

கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரை மாதம் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழும் சடங்கை ஒட்டி, 'அரவாணி' என்ற சொல் 1990-களில் பரவியது. தமிழக அரசு 2008-இல் நல வாரியம் அமைத்தபோது அதற்கு அரவாணிகள் பெயரையே வைத்தது. புராணக் கதையோடு கட்டிப்போடாத சொல் வேண்டும் என்று பலர் விரும்பியதால் 'திருநங்கை' நிலைபெற்றது. 'திரு'வும் 'நங்கை'யும் சேர்ந்த அந்தச் சொல்லில் மதிப்பும் இருக்கிறது, பெண் என்ற ஒப்புதலும் இருக்கிறது. 'மூன்றாம் பாலினம்' என்பது சட்ட வழக்கில் உண்டு. ஆனால் முதலாவது யார், இரண்டாவது யார் என்று கேட்டு அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் சொல்லும் சொல்

2011 மக்கள்தொகைக் கணக்கில் ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' என 4,87,803 பேர் பதிவாயினர். அவர்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு வீட்டில் பிறந்தவர்கள். தமிழ்நாட்டில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டோ தப்பியோ ரயிலேறி மும்பைக்கும் புனேக்கும் வந்தவர்களின் வரலாறுகள் புத்தகங்களாகவே வெளிவந்துள்ளன. ஒருமுறை ரயிலில் நான் என் மனைவியோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தபோது, காசு வாங்க வந்தவர் கையை நீட்டாமல், "நீங்க எந்த ஊருண்ணே?" என்று கேட்டார். சொன்னேன். "எங்க அம்மா ஊருக்குப் பக்கந்தான்" என்றவர் அடுத்த நிலையத்தில் இறங்கிப் போய்விட்டார். நாம் பிழைப்புத் தேடி வந்தோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திரும்பிப்போக நமக்கு ஒரு வீடு இருக்கிறது.

அதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை தன்னைப் பற்றி உங்களிடம் வாய்திறக்கும் நாள் வந்தால், அடிப்பதும், மந்திரிக்க அழைத்துச் செல்வதும், அவசரமாகக் கல்யாணம் செய்து வைப்பதும் வேண்டாம். 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சொல்லும் வைத்தியரிடமும் போக வேண்டாம். அத்தகைய சிகிச்சை தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் மாநில மருத்துவ கவுன்சில்களுக்குத் தெரிவித்திருக்கிறது. பிள்ளை சொல்வதை முழுவதும் கேளுங்கள். படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களிடம் பழகும்போது கடைப்பிடிக்க வேண்டியது எளிது. அவர் சொல்லும் பெயரையே சொல்லுங்கள். 'அக்கா' என்று அழைக்க விரும்புகிறவரை 'அக்கா' என்றும் 'அண்ணா' என்று அழைக்க விரும்புகிறவரை 'அண்ணா' என்றும் அழையுங்கள். தெரியாவிட்டால் 'நீங்கள்' என்று பேசி, எப்படி அழைக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். நம் வீட்டுக் கூடத்தில் இந்தச் சொற்கள் இயல்பாகப் புழங்கினால், பிள்ளைகள் வெளியே கேட்கும் வசவுச்சொல்லை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள்.