நாவலும் படமும் நூலக வரியும்

“படம் பார்த்தாகிவிட்டது, இனி நாவல் எதற்கு?” என்று கேட்கும் நண்பர்கள் நம் விடுதியில் பலர். 2019-இல் வெளிவந்த ‘அசுரன்’ படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரவு உணவு ஆறிப்போகும். 2021-இல் அது தெலுங்கில் ‘நாரப்பா’ ஆனபின் ஆந்திர நண்பர்களும் வாதாட வந்துவிட்டார்கள். ஆயின் அதற்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’யைப் படித்தவர்களை எண்ண ஒரு கை விரல்களே மிகுதி!

‘வெக்கை’ 1982-இல் வெளியான சிறிய நாவல். (வெப்ப இயக்கவியலோடு மல்லாடும் என்னைத் தலைப்பே இழுத்துவிட்டது.) கரிசல் காட்டுச் சிறுவன் சிதம்பரத்துக்கு வயது பதினைந்து. அண்ணனின் சாவுக்குக் காரணமான வடக்கூரானை அவன் வெட்டிவிட்டு ஓடுவதில் கதை தொடங்குகிறது. அதன்பின் பெரிய நிகழ்ச்சிகள் ஏதுமில்லை. தகப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததைச் சமைத்து உண்கிறார்கள். வீட்டாரை நினைத்துப் பேசிக்கொள்கிறார்கள். கடைசியில் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுகிறார்கள். அவ்வளவுதான். ஆனால் கொலை செய்த மகனைத் தகப்பன் ஒரு குழந்தையைப்போல் ஊட்டிக் காக்கும் அந்தச் சில நாட்களைப் படித்தவர் எளிதில் மறக்கமாட்டார்.

இயக்குநர் வெற்றிமாறன் செய்த பெரிய மாறுதல் ஒன்று. நாவல் சிறுவனின் கண்வழியே நடக்கிறது. படமோ தகப்பன் சிவசாமியின் கதையாகிவிட்டது. அவனுக்கு ஓர் இளமைக் காலம் புதிதாகப் படைக்கப்பட்டது. அதிலே குடிசைகள் எரியும் காட்சி 1968-இன் கீழ்வெண்மணிக் கொடுமையை நினைவூட்டுவது. நாவலில் அடங்கிய குரலில் இருக்கும் சாதி படத்தில் உரக்கப் பேசுகிறது. மனத்துள் ஓடும் நினைவைக் காமிரா பிடிக்க இயலாது. அதற்கு ஈடாக ஏதேனும் நிகழ்ந்தாக வேண்டும். ஆகவே மாற்றியதைக் குறை கூறமாட்டேன். எனினும், வீரனல்லாத, சாதாரணக் குடியானவனான அந்தத் தகப்பனே எனக்கு நெருக்கமானவன். அவனைப் படத்தில் காணோம்.

படம் நம்மைத் தேடி வருகிறது. நாவலை நாம்தான் தேடிப் போகவேண்டும். கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமையானவை. ஆதலால் 2022-இல் ‘பொன்னியின் செல்வன்’ படமானபோது பல பதிப்பாளரும் அச்சிட்டுக் குவிக்க முடிந்தது. எல்லா நாவலுக்கும் அந்த யோகமில்லை. நான் ‘வெக்கை’யைப் படித்தது விடுமுறையில், எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில்.

அந்தப் பிரதி யார் காசு? நம் பெற்றோர் காசுதான். 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலகத்துக்கென்றே ஒரு வரி விதித்தது. வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கப்படுவது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதற்குப் பாடுபட்டவர் எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு. 1947-இல் அவர் நூலக இயல் கற்பிக்க வந்தது நாம் பயிலும் இதே தில்லிப் பல்கலைக் கழகத்துக்குத்தான்!

அவருடைய இரண்டாவது விதியை நம்பி, நானும் அறைத் தோழர் இருவரும் சென்ற மாதம் இங்குள்ள நூலகத்தில் ‘வெக்கை’ வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கேட்பவர் கூடினால் வாங்குவதாகச் சொன்னார்கள். வந்ததும் முதலில் யார் எடுப்பது என்று தோழரிருவருக்கும் இப்போதே சண்டை.