வாசம் பிடிக்கும் மென்படலம்

கோத்தகிரிப் பக்கம் எந்தத் தேயிலை ஃபேக்டரிக்குள் நுழைந்தாலும் முதலில் முகத்தில் அடிப்பது வாசம்தான். சி.டி.சி. ரோலரில் அரைபட்ட கொழுந்து பச்சைப்புல் நெடியோடு வெளியே வரும். காற்றுப்படப்பட நிறம் செம்பாகும். நெடி அடங்கிப் பூவாசம் ஏறும். அந்த உச்சத்தில் டிரையருக்குப் போனால்தான் நல்ல தூள். எப்போது அனுப்புவது என்பதை இன்றைக்கும் பெரும்பாலும் டீ மேக்கரின் மூக்கே முடிவு செய்கிறது. சி-டாக் நிறுவனத்தின் கொல்கத்தா மையம் இதற்கென்றே ஒரு மின்னணு மூக்கை உருவாக்கியது. இத்தகைய கருவிகளுக்குள் பொதுவாக இருப்பவை உலோக ஆக்சைடு உணரிகள். அவற்றில் மூத்தது துத்தநாக ஆக்சைடு.

தேயிலைச் செடிக்கு ஜிங்க் சல்பேட் அடிக்கும் விவசாயிக்குத் துத்தநாகம் பழகிய பொருள்தான். அதன் ஆக்சைடு, கேலமைன் லோஷனிலும் டயர் ரப்பரிலும் சேரும் வெள்ளைப் பொடி. 1962இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் தெட்சுரோ செயாமா குழுவினர் அதை மென்படலமாக்கிச் சூடேற்றி, வாயு பட்டதும் அதன் மின்கடத்தல் மாறுவதைக் காட்டினார்கள். சூடான படலத்தின் மேல் ஒட்டும் ஆக்சிஜன், எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, மின்தடை ஏறுகிறது. ஆல்கஹால், ஆல்டிஹைடு வகை ஆவிகள் வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன, தடை இறங்குகிறது. தேயிலை மணத்திலுள்ள லினலூல் ஆல்கஹால் வகை, பச்சை நெடி தரும் ஹெக்சனால் ஆல்டிஹைடு வகை. எல்லாமே மேற்பரப்பில் நடப்பதால், படலத்தில் நானோ அளவு மணிகளும் கம்பிகளும் நிறைந்திருந்தால் உணர்வு கூடும்.

அப்படிப்பட்ட படலத்தை எப்படி வளர்ப்பது? வழிகள் பல. எனக்கு அவற்றில் மிகவும் அழகாகப்படுவது, ஒரு வில்லையிலிருந்து பொருளை லேசர் துடிப்பால் பெயர்த்துத் தகட்டில் படியவைக்கும் முறை. 1987இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டி. வெங்கடேசன் குழுவினர் மீக்கடத்திப் படலம் செய்ய இதைப் பயன்படுத்திய பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. பல தனிமங்கள் கலந்த வில்லையிலிருந்து, விகிதம் ஏறக்குறைய மாறாமல் படலம் கிடைத்தது.

துத்தநாக ஆக்சைடுப் பொடியை வில்லையாக அழுத்தி, உலையில் சுட்டுக் கெட்டியாக்குகிறார்கள். வெற்றிடக் கலனுக்குள் அது மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும்; இல்லாவிட்டால் லேசர் ஒரே இடத்தில் குழி பறித்துவிடும். 248 நானோமீட்டர் புற ஊதா லேசர், சுமார் 20 நானோநொடி மட்டுமே நீடிக்கும் துடிப்பாக அதன்மேல் விழுகிறது. அந்த ஒளியை வில்லையின் மேல்தோலே விழுங்கிவிடுவதால் அந்த இடம் உருகி, ஆவியாகி, பிளாஸ்மாவாகச் சீறும். ஒவ்வொரு துடிப்புக்கும் அகல்சுடர் போல ஒன்று எழுந்து அணையும். சில சென்டிமீட்டர் எதிரே, சில நூறு டிகிரி சூட்டில் காத்திருக்கும் கண்ணாடி அல்லது நீலமணித் தகட்டில் அது படிகிறது. ஒரு துடிப்புக்கு ஓர் அணுவின் தடிமன்கூடத் தேறாது. ஆயிரக்கணக்கில் சுட வேண்டும்.

சூட்சுமம் கலனுக்குள் விடும் ஆக்சிஜனில் இருக்கிறது. மிகக் குறைவாக விட்டால் துகள்கள் தடையின்றிப் பாய்ந்து வழவழப்பான படலமாகும். அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டினால் அவை வழியிலேயே மோதிக் குளிர்ந்து நானோ துகள்களாகத் திரளும். தகடும் போதிய சூட்டில் இருந்தால், அந்தத் துகள்களிலிருந்து நானோ கம்பிகள் முளைக்கும். தங்கம் போன்ற வினையூக்கி எதுவும் இல்லாமல் இப்படிக் கம்பி வளர்த்தவர் அதே கியூஷுவின் தட்சுவோ ஒகாடா. அவரும் சென்னை ஐ.ஐ.டி.யின் எம்.எஸ். ராமச்சந்திர ராவும் சேர்ந்து துத்தநாக ஆக்சைடு நானோ படிகங்கள் பற்றி ஒரு நூலையே தொகுத்திருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் எம்.கே. ஜெயராஜ் குழு இந்த லேசர் படலங்களில் நிறையவே உழைத்திருக்கிறது.

ஆனால் தேயிலை ஃபேக்டரி இந்த உணரிக்குக் கடுமையான இடம். கொழுந்து புளிக்கும் அறையில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். நீராவியும் படலத்தின் மேல் உட்கார்ந்து ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு, துத்தநாக ஆக்சைடு ஆவிகளைப் பிரித்தறிவதில் மந்தம். அதனால்தான் மின்னணு மூக்கில் பல உணரிகளை வரிசையாக வைத்து, அவற்றின் பதில்களைக் கணினி ஒப்பிடுகிறது.

லேசர் முறைக்கும் குறை உண்டு. சீராகப் படிவது சிறு வட்டத்தில் மட்டும். நடுநடுவே உருகிய துளிகளும் தெறித்து விழும். கருவியின் விலையும் அதிகம். ஆனாலும், துத்தநாக ஆக்சைடில் அலுமினியம் எவ்வளவு கலக்கலாம், ஆக்சிஜன் எவ்வளவு விடலாம் என்று வேகமாகச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் ஆயிரக்கணக்கில் உணரி செய்ய இது ஏற்றதல்ல. அதற்கு எளிய வழியும் உண்டு: தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் சூடான கண்ணாடிமேல் துத்தநாக உப்புக் கரைசலைத் தெளித்தே நானோ படலம் செய்து, அம்மோனியாவை மோப்பம் பிடிக்க வைத்திருக்கிறார்கள். சிறு ஃபேக்டரிக்குக் கட்டுப்படியாகும் விலையில் உணரி வருமானால், அந்தத் தெளிப்பு முறையில் வரவே வாய்ப்பு அதிகம்.