பொய் ஊசிக்கும் குறைந்த வலி

மாத்திரையைச் சோதிப்பது சுலபம். அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை செய்து பாதிப் பேருக்குக் கொடுத்துவிடலாம். எது யாருக்குப் போனது என்று விழுங்கியவருக்கும் தெரியாது, கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது. ஊசியை என்ன செய்வது? குத்தினால் குத்தியது தெரியும். குத்தாவிட்டால் அதுவும் தெரியும்.

அக்குபஞ்சரை ஆராய்ந்தவர்களை இந்தச் சிக்கல் பல காலம் படுத்தியெடுத்தது. 1998ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்து மருத்துவர் கொன்ராட் ஸ்ட்ரைட்பெர்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் செய்த போலி ஊசியின் முனை மழுங்கலானது. அழுத்தினால் தோலைத் தொட்டதும், நாடகத்தில் வில்லன் வயிற்றில் பாயும் கத்தியைப் போல, தன் பிடிக்குள்ளேயே போய்விடும். சாயாமல் நிற்க ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம், அதை மூட ஒரு பிளாஸ்திரி. முனை படும்போது சுருக்கென்று இருக்கும். படுத்திருப்பவருக்கு ஊசி இறங்கிவிட்டது என்றுதான் தோன்றும்.

இதற்குள் ஜெர்மனியில் வேறொரு நெருக்கடி வந்திருந்தது. முதுகு வலி, முழங்கால் வலி என்று அக்குபஞ்சருக்குப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தச் செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க வேண்டுமா, கூடாதா? ஆதாரம் கொண்டுவாருங்கள், பிறகு பேசலாம் என்றது அந்நாட்டுச் சட்டம். அதற்காகவே நடந்தவைதான் 'கெராக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சோதனைகள். இந்தத் துறையில் அவ்வளவு பெரிய சோதனைகள் அதிகம் நடந்ததில்லை.

முதுகு வலிச் சோதனையில் 1,162 பேர் சேர்ந்தார்கள். சராசரியாக 8 ஆண்டுகள் வலியோடு காலம் தள்ளியவர்கள். அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குச் சீன நூல்கள் சொல்லும் புள்ளிகளில், 5 முதல் 40 மில்லிமீட்டர் ஆழம் வரை ஊசி. இரண்டாவது குழுவுக்கும் அதே எண்ணிக்கையில், மழுங்கல் ஊசி அல்ல, நிஜ ஊசியே உண்டு. ஆனால் புள்ளி அல்லாத இடத்தில், 1 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும், பட்டும் படாமலும். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான வைத்தியம்: வலி மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி.

ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. இடம் மாற்றிக் குத்திய ஊசியில் 44.2 சதவீதம். வழக்கமான வைத்தியத்தில் 27.4 சதவீதம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற முழங்கால் மூட்டுத் தேய்மானச் சோதனையிலும் இதே கதைதான்: 53.1, 51.0, 29.1.

இந்த எண்களை அக்குபஞ்சரை நம்புகிறவரும் தூக்கிப் பிடிக்கலாம், நம்பாதவரும் தூக்கிப் பிடிக்கலாம். இரு தரப்பும் அதைத்தான் செய்தன. எதற்குக் காப்பீடு தருவது என்று முடிவு செய்யும் குழு நடைமுறை பார்த்தது. எங்கே குத்தினாலும் சரி, மாத்திரையைவிட ஊசிக்குப் பலன் தெரிகிறதே என்று 2006ல் முடிவெடுத்தது. நாள்பட்ட இடுப்பு, முதுகு வலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் பணம் கொடுக்கலாம் என்றது. தலைவலிக்குக் கிடையாது. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்போ 2009ல் முதுகு வலிக்கு அக்குபஞ்சரைப் பரிந்துரைத்துவிட்டு, போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் போதாது என்று 2016ல் அதை நீக்கிவிட்டது.

எனக்கு இந்த வழக்கில் பரிதாபமாகத் தெரிவது அந்த மூன்றாவது குழு. ஊசி கிடைக்கும் என்ற ஆசையோடு சோதனையில் சேர்ந்தவர்கள் அவர்கள். பல ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்த அதே வைத்தியம்தான் தங்களுக்கு என்று தெரிந்ததும் மனம் எப்படி இருந்திருக்கும்? அவர்களுடைய எண் அவ்வளவு கீழே போனதற்கு அந்த ஏமாற்றமும் ஒரு காரணமாக இருக்கலாம். வலி என்பது முழங்காலில் மட்டும் உண்டாவதில்லை. எதிர்பார்ப்பும் பயமும் சேர்ந்த மூளையின் கணக்கு அது.

சீன மருத்துவத்தின் விளக்கம் வேறு. காற்று, குளிர், ஈரம் மூன்றும் உடலுக்குள் புகுந்து நாளங்களை அடைத்துவிடுகின்றன. அடைத்த இடத்தில் மூட்டு வலிக்கிறது. ஊசி அடைப்பை நீக்கி 'சீ' என்ற உயிர்சக்தியை ஓடவிடுகிறது. வாதம், வாயு என்று பேசிப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் உடலை அறுத்துப் பார்த்த யாரும் அந்த நாளங்களைக் கண்டதில்லை. கெராக் எண்களும் அவற்றுக்குச் சாதகமாக இல்லை. புள்ளிதான் சூட்சுமம் என்றால், புள்ளி தவறிய ஊசிக்கு 44 சதவீதம் எப்படி வந்தது?

அதற்காக ஊசி உடலில் ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்லவும் முடியாது. அமெரிக்க ஆய்வாளர் எலென் லாஞ்ச்வான் எலித் தோலில் ஊசியைத் திருகிப் பார்த்தார். தோலடித் திசுவின் கொலாஜன் இழைகள் ஊசியைச் சுற்றிக்கொண்டு இறுகின. ஊசியைத் திருகும்போது உள்ளே ஏதோ பிடித்து இழுப்பதாக மருத்துவர் கைக்குத் தெரிவது அதனால்தான். 2010ல் இன்னொரு குழு, எலியின் முழங்காலுக்குக் கீழே ஊசி குத்தித் திருகியபோது அங்கே அடினோசின் என்ற வேதிப்பொருள் பெருகுவதைக் கண்டது. வலிச் செய்தியை நரம்பிலேயே மட்டுப்படுத்தும் பொருள் அது. வருடினாலே விழித்துக்கொள்ளும் மெல்லிய நரம்பிழைகளும் நம் தோலில் உண்டு. ஆகவே பட்டும் படாமலும் குத்திய ஊசியை வெறும் மாவு மாத்திரையோடு ஒப்பிடுவது சரியா என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

சீன மருத்துவத்தில் ஊசி மட்டுமில்லை. கோப்பை வைத்து உறிஞ்சும் வைத்தியத்தை 2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்தது. அந்த வட்டத் தடம், நுண்குழாய்கள் உடைந்து ரத்தம் கட்டியது. நச்சு வெளியேறிய அடையாளம் என்பதெல்லாம் கதை. தாய் சீ பயிற்சிக்கு ஆதாரம் இன்னும் நன்றாக இருக்கிறது. பாஸ்டனில் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்த சோதனை 2016ல் வெளியானது. 12 வாரம் தாய் சீ செய்தவர்களுக்கும் பிசியோதெரபி பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வலி குறைந்திருந்தது. கை காலை மெதுவாக அசைத்து, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும் பயிற்சிதானே, தொடைத் தசை வலுப்படாமல் என்ன செய்யும்?

சீனத்தின் மூட்டு மருந்துகளில், போலியோடு குழப்பிக்கொள்ள முடியாத ஒன்று உண்டு. இடி தெய்வத்தின் பெயர் கொண்ட ஒரு கொடி, டிரிப்டெரிஜியம் வில்ஃபோர்டீ. அதன் வேர்ச் சாறு உடலின் எதிர்ப்பாற்றலையே அடக்கும். முடக்குவாதம் உள்ள 207 பேரிடம் சீனாவில் நடந்த சோதனையின் முடிவு 2014ல் வந்தது. 24 வாரத்தில் நோய்க்குறிகள் பாதியளவாவது குறைந்தவர்கள், வழக்கமான மருந்தான மெத்தோட்ரெக்சேட் தந்த குழுவில் 46.4 சதவீதம், கொடிச் சாறு தந்த குழுவில் 55.1, இரண்டும் சேர்த்துத் தந்த குழுவில் 76.8. யாருக்கு என்ன மருந்து என்பதை மறைக்காமல் நடந்த சோதனைதான், ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாத எண்கள். அந்தச் சாறு ஆண்களின் விந்தணுவைக் குறைக்கும், பெண்களுக்கு மாதவிடாயை நிறுத்தும், கல்லீரலையும் பதம் பார்க்கும். அந்தக் கொடியின் பூவில் எடுத்த தேன்கூட விஷம்.

இன்னொரு ரகம், பெயர் மட்டும் மூலிகை. சீன மூலிகை என்று சொல்லி விற்ற மூட்டு வலி மாத்திரையை விழுங்கி, வெள்ளை அணுக்கள் அடியோடு சரிந்து மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி 1975ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று எழுதியது. மாத்திரையில் பினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து கலந்திருந்தது. மூன்றே நாளில் முழங்கால் பஞ்சாகிவிட்டது என்று யாராவது சீட்டில்லாத மாத்திரையை நீட்டினால், அதற்குள் ஸ்டீராய்டு இருக்கிறதா என்பதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எந்த மூலிகை மருந்தையும் தொடும் முன் தங்கள் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.